ஐந்து மணிக்கு முடியாத ஏலம்

பழைய சுவர்க்கடிகாரம் ஒன்றை இணைய ஏலத்தில் போட்டிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு ஏலம் முடியும். அதுவரை அதிக விலை கேட்டிருந்தவன் கடிகாரங்களைப் பிரித்து உதிரிபாகமாக விற்கிறவன்.

ஐந்தாக ஒரு நிமிடம் இருக்கும்போது, "ஒரு டீச்சரம்மா அவனைவிடக் கூடக் கேட்டிருக்காங்க அண்ணே!" என்று மேசையிலிருந்த செல்போன் கத்தியது. உடனே, "ஐயோ, அவன் அதுக்கும் மேல போயிட்டான்" என்றது.

"என் கதை முடிஞ்சுது தம்பி. நூறு வருஷமா பார்க்கிறேன், அஞ்சுன்னா அஞ்சுதான்" என்றது கடிகாரம்.

"அது பழைய விதி. நேத்துதான் மாத்தினாங்க. கடைசி நிமிஷத்துல யாராவது கேட்டா, இன்னும் ரெண்டு நிமிஷம் நீளும்."

கடிகாரம் நம்பவில்லை. ஆனால் ஐந்து ஆகியும் ஏலம் முடியவில்லை. டீச்சரம்மா மறுபடி கேட்டார், அவனும் கேட்டான். ஒவ்வொரு முறையும் நேரம் நீண்டது. ஐந்தே காலுக்கு அவன் ஓய்ந்துபோனான்.

"டீச்சரம்மாவுக்கே!" என்று செல்போன் அதிர்ந்தது.

கடிகாரம் தன் முட்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெல்லக் கேட்டது:

"அவங்க வீட்லயும் ஒரு செல்போன் இருக்கும்ல தம்பி? இன்னும் என்னென்ன மாத்துறாங்கன்னு தினமும் அதுகிட்ட கேட்டுக்கறேன்."