புள்ளித் திருக்கை

கிரேன் கொக்கியில் பெல்ட் இறுகியது.

அவர் லீவரை ஒரு நூல் அளவு இழுத்தார். மூன்றரை டன் இரும்பு தரையை விட்டு எழும்பியது.

திருக்கை மீன். இரண்டு பக்கமும் விரித்த சிறகு, பின்னால் எட்டடி வால். உடைத்த கப்பல்களின் தகடுகளை வெட்டி, வளைத்து, மகள் பற்றவைத்தது. இரண்டு வருட வேலை.

முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். எத்தனையோ ஆயிரம் பெட்டிகள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று தெரியும். வலது சிறகை மட்டும் மூன்று முறை பிரித்துப் போட்டாள். மூன்றாம் முறை ஷெட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

இன்றைக்கு வேறு ஆபரேட்டரைத்தான் போட்டிருந்தார்கள். அந்த வேலையை அவர் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். காரணம் சொல்லவில்லை.

கடற்கரைச் சாலை ரவுண்டானாவைச் சுற்றிக் கூட்டம். நடுவில் இரும்புத் தூண். அதன் உச்சியில் மீன் உட்கார வேண்டும்.

கீழே மகள் ஜெனோவா மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்றாள். கேபின் பக்கம் திரும்பவே இல்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி உயரத்தில் காற்று வந்தது.

மீன் மெல்லச் சுழன்றது. வால் விளக்குக் கம்பத்தை நோக்கிப் போனது.

அவர் நிறுத்தினார்.

பொறியாளர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“இறக்கச் சொல்லுங்க! வால வெட்டிட்டு மேல ஏத்துவோம். வால பொறவு பாத்துக்கிடலாம்!”

சிக்னல் காட்டும் மிக்கேல் கேபினை நிமிர்ந்து பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தொங்கவிட்டார்.

“வாலு இல்லாம அது மீனே இல்ல சார்.”

ஜெனோவாதான். கத்தவில்லை. ஆனால் திறந்திருந்த கேபின் ஜன்னல் வரை கேட்டது.

வாலில் கட்டிய கயிறு காற்றில் அலைந்துகொண்டிருந்தது. எட்டிப் பிடித்தாள். இடது முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்தாள்.

வால் நின்றது.

கம்பத்துக்கும் அதற்கும் ஒரு முழம்.

வலது கையை உயர்த்தினாள். சுட்டுவிரலால் மேலே வட்டம் போட்டாள்.

ஏற்று.

சிக்னல்காரர் சொல்லாமல் அவர் லீவரைத் தொட்டதில்லை. முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட.

மிக்கேலைப் பார்த்தார்.

மிக்கேல் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

அவர் லீவரை இழுத்தார்.

மீன் ஏறியது. கம்பத்தைத் தாண்டியது. வேப்பமரங்களைத் தாண்டியது. கேபினிலிருந்து நிமிர்ந்து அதன் வயிற்றை முதன்முதலாகப் பார்த்தார். நூற்றுக்கணக்கான ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் வெயில்.

தரையில் கிடந்தபோது வெறும் இரும்பாக இருந்தது.

கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. ஆட்டோக்காரர்கள், மீன்கூடைக்காரிகள், போலீஸ்காரர், எல்லோரும் அண்ணாந்திருந்தார்கள்.

மீன் தூணுக்கு நேரே வந்ததும் அவள் விரல் மெதுவாகக் கீழ்நோக்கித் திரும்பியது. அவர் ஒரு விரல்கிடை இறக்கினார். இன்னொரு விரல்கிடை. அவள் கை முஷ்டியானது. நிறுத்தினார்.

தூணின் மேல்தட்டில் நின்றவர்கள் போல்ட்டுகளைச் செருகினார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது.

“நாலும் உள்ள விழுந்துட்டு, அண்ணாச்சி!”

மிக்கேல் கீழிருந்து கத்தினார்.

கைதட்டல் கடற்கரை வரை போனது. யாரோ விசிலடித்தார்கள். பொறியாளரும் கைதட்டினார்.

ஜெனோவா கயிற்றை விட்டாள். முழங்கை சிவந்து தடித்திருந்தது. அதைத் தடவக்கூட இல்லை. சிரித்தாள்.

கொக்கியைக் கழற்றினார்கள். பத்திரிகைக்காரர்கள் அவளை மீனுக்குக் கீழே நிறுத்தினார்கள். ஒரு புகைப்படக்காரர் கண்ணிலிருந்து கேமராவை எடுத்துவிட்டுக் கேபினைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அண்ணாச்சி, கிரேன் படத்துல விழுது. கொஞ்சம் பின்னால எடுத்துக்கிடுங்க.”

அவர் தலையாட்டினார். ரிவர்ஸ் கியருக்குக் கை போனது.

“கிரேன் நிக்கட்டும்ணே.”

ஜெனோவா இப்போதுதான் கேபினை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க அப்பா ஓட்டுத வண்டி.”

கேமராக்கள் எல்லாம் ஒன்றாக அவர் பக்கம் திரும்பின.

அவர் இன்ஜினை அணைத்தார்.

பக்கக் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, சட்டைக் காலரைச் சரிசெய்தார்.