தொட்டிலேறிய பிச்சி

ஜன்னல் வழியே நுழைந்து தொட்டில் கயிற்றைச் சுற்றும் பிச்சிக்கொடியைக் கோமதி தினமும் நறுக்கினாள். நறுக்க நறுக்க அது கொழுத்துத் துளிர்த்தது. “கவாத்து பண்ணுனா செழிக்கத்தான செய்யும்?” என்று அவள் கணவன் சுடலை சிரித்தான்.

இன்று கொடி தொட்டிலுக்குள் இறங்கி, உறங்கும் குழந்தையின் கணுக்காலை வளைத்திருந்தது.

“ஏங்க, பிள்ளை கால்ல சுத்திட்டுங்க!” என்று தோட்டத்திலிருந்த சுடலையைப் பார்த்து அலறியபடியே கத்திரியை எடுத்து, ஜன்னலோரம் ஓர் இலையை நறுக்கினாள். குழந்தை வீறிட்டது. காலில் கீறல்கூட இல்லை. இன்னோர் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். மறுபடியும் வீறிட்டது. கத்திரி கைநழுவி விழுந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்து வெளியே எட்டிப் பார்த்தாள்.

வெளியே சுடலை அரிவாளை ஓங்கியபடி சொன்னான்: “நீ விடு கோமதி. நான் தூரோட வெட்டிருதேன்.”