சிர்கா

கல்லறைத் திருநாளன்று பங்குச் சுவாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தபோது, எமில்டா தன் கணவன் யூஜினின் பெயர் பொறித்த புதுக்கல்லுக்கு முன்னால் குறுக்கே நின்றாள். கல்லின் கீழே உடல் கிடையாது. அதை நட்டவர் கனடாவிலிருந்து வந்திருந்த யூஜினின் அண்ணன் பஸ்தியான்.

"கல்லிலை அந்த வருசத்துக்கு முன்னாலை என்ன சொல் எழுதியிருக்கு, சுவாமி?"

"சிர்கா. லத்தீன் சொல்லம்மா. செத்த நாள் சரியாத் தெரியாட்டி, அந்த ஆண்டளவிலை எண்டு போடுறது."

எமில்டா பஸ்தியானிடம் திரும்பினாள். "ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்? ஆமியின்ரை கையிலை உயிரோடை குடுத்தது நான். செத்திட்டாரெண்டு அவங்களே இன்னும் சொல்லேல்லை. நீங்கள் வருசம் குறிச்சுக் குடுக்கிறியளோ?"

"எத்தினை காலத்துக்குப் பிள்ளை இப்பிடி…" என்றார் பஸ்தியான்.

குழிவெட்டுகிறவர் சாத்தி வைத்திருந்த கனத்த இரும்பு அலவாங்கை அவள் தூக்கினாள். முதல் இடியில் கல்லிலிருந்த 'இறப்பு' என்ற சொல் சிதறியது. அடுத்ததில் ஆண்டு போனது. சுவாமி தீர்த்தச் செம்போடு பின்வாங்கினார். பெயரும் அந்த லத்தீன் சொல்லும் மட்டும் மிஞ்சின.

"அதையும் கொத்திவிடன்," என்றார் பஸ்தியான்.

"அது நிக்கட்டும். அவர் வரேக்கை, உங்களுக்குத் தெரிஞ்சது எவ்வளவெண்டு காட்ட வேணும்."