ரிசல்ட்-2

வாஷி அலுவலகத்தில் இசக்கிதுரைக்கு மென்பொருள் பேக்கேஜ்களைக் கட்டும் வேலை. ஒன்று கட்டினால் ஃபோல்டரில் ‘ரிசல்ட்’ என்று ஒரு லிங்க் வரும். இரண்டு சேர்த்துக் கட்டினால்தான் ‘ரிசல்ட்-2’ வரும். லிங்க்கை அழித்துவிட்டால், கட்டியதையும் சிஸ்டம் குப்பையென்று பெருக்கித் தள்ளிவிடும்.

ரோஷன் கட்டியது அப்படித்தான் போனது. அவன் பக்கத்து சீட். தாராவியிலும் பக்கத்துத் தெரு. “நான் செஞ்சத ஒருவாட்டி ஓட்டிப் பாருலே” என்பான். “நாளைக்குப் பாக்கேன்” என்பான் இசக்கிதுரை. மழைக்காலத்தில் ரோஷன் இறந்துபோனான். டிஸ்க்கில் இடமில்லை என்று இசக்கிதுரை அந்த லிங்க்கைப் பார்க்காமலே அழித்தான்.

அதன்பின் ஒரு நாள் ஒன்றுதான் கட்டினான். இரண்டு லிங்க்குகள் வந்தன.

“ரெண்டு கட்டச் சொல்லிருப்பீங்க, பாய்,” என்றாள் எட்டிப் பார்த்த எதிர் சீட் ஷைஸ்தா.

“இல்ல, ஒண்ணுதான் சொன்னேன்.”

இரண்டாவதை ஓட்டினான். திரையில் ஒரே வரி வந்து பதிலுக்குக் காத்திருந்தது.

“பாக்கியாலே?”

பயத்தில் விரல்கள் பழைய பதிலையே தட்டின: “நாளைக்குப் பாக்கேன்.”

திரை மூடிக்கொண்டது. லிங்க்கும் இல்லை.

மறுநாள் சீக்கிரமே வந்து ஒன்று கட்டினான். ஒரு லிங்க்தான் வந்தது. இரண்டு கட்டச் சொன்னான். அப்போதும் ஒன்றுதான் வந்தது.