வருங்காலத்துக் கை

“வலிக்காது, விறைக்காது, அட்டை கடிக்காது. கைதான், ஆனா யாரோடயும் கூடப் பொறக்கல. அது என்ன?”

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த நிலக்ஷி கொஞ்சம் யோசித்தாள். பிறவியிலேயே அவளுக்கு வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

“மிஷின் கை,” என்றாள்.

“கெட்டிக்காரி,” என்று அஸ்மியா பையைத் திறந்து, செயற்கைக் கையை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். ஹட்டனில் அவள் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அவள் படித்தது பொறியியல். செயற்கைக் கை செய்து இலவசமாகக் கொடுக்கும் குழு ஒன்றுக்காக டயகம வரை பஸ்ஸில் வந்திருந்தாள்.

நிலக்ஷியின் அம்மா வினோதா தேத்தண்ணியை நீட்டிவிட்டு, “கை வேணாங்க மிஸ்,” என்றாள்.

“காசு ஒண்ணும் இல்லக்கா.”

“தெரியும். வேணாம்.”

“ஏன்? சாமி குத்தம்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“சாமி ஒண்ணும் சொல்லலங்க.”

அஸ்மியாவுக்கு எரிச்சலாக இருந்தது. பெற்ற தாயே பிள்ளைக்குக் கை வேண்டாம் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? ஆனாலும் பொறுமையாகவே பேசினாள்.

“பொறந்த மாதிரியேதான் மனுசன் இருக்கணும்னு இல்லக்கா. கண்ணு, காது, மூளை எல்லாத்தையும் திருத்திக்கலாம்னு உலகம் பூரா பேசுறாங்க. இனி வரப்போற மனுசன் நம்மளவிட மேலான ஆளு. உங்க மக அதுல மொத ஆளா இருக்கட்டுமே.”

“அந்த மேலான ஆளு எங்கங்க மிஸ் வேலைக்குப் போவாரு?”



அந்த நேரம் பார்த்துப் பொன்னையா கங்காணி வந்தார். மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களை மேற்பார்வை செய்பவர். பெஞ்சில் கிடந்த கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது களைக்குமா?”

“களைக்காதுங்க.”

“மழையில?”

“ஒண்ணும் ஆகாது.”

“பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில சேருதா?”

“நல்லாச் சேரும்,” என்றாள் அஸ்மியா, பெருமையாக.

“புள்ளைக்கு என்ன வயசு?”

“பதிமூணு,” என்றாள் நிலக்ஷி.

“பரவாயில்ல. இன்னும் மூணு வருசம் போனா தோட்டத்துல வேலைக்குப் பேரு பதிஞ்சிடலாம்.” கையைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார்.

வினோதா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ அக்கா லோஜினி, இவளவிட நல்லாப் படிச்சா மிஸ். அவளுக்கு ரெண்டு கையும் இருந்துச்சு. வீட்டுல கஷ்டம் வந்ததும் மலைக்கு அனுப்புனு எல்லாரும் சொன்னாங்க, அனுப்பிட்டேன். இவள மட்டும் இதுவரைக்கும் யாரும் கேக்கல.”

அஸ்மியா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு பைக்குள்ளிருந்து இன்னொரு செயற்கைக் கையை எடுத்தாள்.

“இது பழைய மாதிரி. அஞ்சு விரலும் ஒண்ணாத்தான் மூடும். சைக்கிள் பிடிக்கலாம், வாளி தூக்கலாம். கிள்ள முடியாது. ரெண்டையும் போட்டுப் பாத்து நீயே சொல்லு நிலக்ஷி.”

நிலக்ஷி புதிய கையை மாட்டிக்கொண்டாள். தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் நின்ற தேயிலைச் செடியில் கிள்ளிப் பார்த்தாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சுத்தமாக வந்தன.



அவள் புதிய கையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். பழைய மாதிரியை எடுத்துக்கொண்டாள்.