தோற்றால் கை கொடுக்க வேண்டும்

நறுமுகைக்கு எட்டு வயது. செஸ்ஸில் அவள் வயதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் என்றைக்காவது தோற்றுவிட்டால் போச்சு, பலகையைக் கவிழ்த்துவிட்டு மேஜைக்கு அடியில் புகுந்து அலறுவாள். அந்த அலறலை அடக்க அவளுடைய அப்பா அருள்மணி ஒரு வருஷமாக மல்லுக்கட்டினார். "முகம் மாறக் கூடாது. மூச்சை இழுத்து விடு. காயையெல்லாம் அதது கட்டத்துல வை. எழுந்து கை குடு. அவ்வளவுதான்." வீட்டில் அவளை வேண்டுமென்றே தோற்கடித்துத் தோற்கடித்துப் பழக்கினார். "சின்னப் பிள்ளைங்க, அழுதுட்டுத்தான் போகட்டுமே" என்பாள் அவள் அம்மா. அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. போன மாதம் தோற்றபோது, ஜெயித்த பையனுக்கு நறுமுகை சிரித்த முகமாகக் கை கொடுத்தாள். அருள்மணி பூரித்துப்போனார். அழுதுட்டுப் போகட்டும் என்ற அந்த அம்மா இன்று கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். சுற்றி உட்கார்ந்து பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். நறுமுகை வாசலில் இறைந்து கிடந்த செருப்புகளையெல்லாம் ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டு உள்ளே வந்தாள். "பெத்தவ போயிட்டா, கல்லு மாதிரி நிக்குதே இந்தப் பிள்ளை" என்றாள் அத்தை. அருள்மணி மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, "அழுதுடு கண்ணு, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினார். அவள் மூச்சை இழுத்து விட்டாள். முகம் மாறவில்லை. அவர் பிடியிலிருந்து வலது கையை மெல்ல உருவி நீட்டினாள். கூடத்திலிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரிடமே கேட்டாள். "இப்ப யாருக்குப்பா கை குடுக்கணும்?"