இறங்கினாரு

கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு தாக்கிச் செத்துப்போன தீர்த்தகிரியை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். மாலையோடு வந்த காண்டிராக்டர், டிவிக்காரர்கள் நீட்டிய மைக்கைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“தீர்த்தகிரி ரொம்ப நல்லவரு. வேணாம்னு எவ்வளவோ சொன்னோம். அவராத்தான் இறங்கினாரு.”

கணவனின் தலைமாட்டில் இருந்த பவுனு நிமிர்ந்தாள். நல்லவரு, இறங்கினாரு என்று சொல்லின் வாலில் மரியாதை ஒட்டியிருந்தது. விடிந்தால் போதும், தெருமுனையில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்து, “எங்கடா அவன், செத்துட்டானா?” என்று கத்திய அதே வாய்.

“யோவ், நேத்துகூட ‘எறங்குடா நாயே’ன்னுதானய்யா சொன்ன? அவரு இவருன்னு நீ மரியாதை குடுக்க எம் புருசன் சாவணுமா?”

மைக்குகள் அவள் பக்கம் திரும்பின. காண்டிராக்டரின் முகம் கறுத்தது. காதில் விழாதவன்போல, கூட்டத்தில் நின்ற தீர்த்தகிரியின் தம்பியைத் தேடினான். தம்பிக்கும் அவனிடம்தான் வேலை.

“டேய் வேடியப்பா, உங்க அண்ணிய உள்ள கூட்டிட்டுப் போடா.”

வேடியப்பன் வந்தான். அண்ணியைத் தாண்டி நேராகக் காண்டிராக்டரின் முகத்துக்கு முன்னால் போய் நின்றான்.

“என்னடா சொன்ன?” என்றான்.